தங்கச்சி வருவதற்குள் அடைத்த ஜன்னல்

1

புது வீட்டில் பெய்த முதல் பெருமழையில் என் கட்டில் நனைந்துபோனது. மகன் சேகர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எத்தனையோ கூரைக்குக் கீழே நனைந்தவள் நான். சொந்த வீட்டில் நனைவது அன்றைக்குத்தான் முதல் தடவை.

போர்ட் பிளேரில், டெலானிபூர் சரிவில் இருக்கிறது வீடு. இதற்கு முன்னால் ஜங்லிகாட்டில் வாடகைக்கு இருந்தோம். அங்கே ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு அடுப்பங்கரை. இங்கே திறந்தால் கடல். குடிவந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது, அதனால்தான் இதையெல்லாம் சொல்லத் தோன்றியது. எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் செல்வி எழுதுகிறாள். ராமநாதபுரத்துப் பெண். என் பேச்சைப் பள்ளிக்கூடத் தமிழில் திருத்தித்தான் எழுதுவாள். இலங்கை மலைநாட்டில் இன்னும் இருக்கிற நம் சனங்களுக்கும், அங்கிருந்து கிளம்பித் தமிழ்நாட்டில் சிதறிக் கிடக்கிறவர்களுக்கும் இது போய்ச் சேரட்டும்.

மழை எப்படி உள்ளே வந்தது என்று கேளுங்கள். கூரை வழியாக இல்லை. ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் சந்து. சுவரில் விட்ட இடம் பெரிது, கொண்டுவந்து மாட்டிய அலுமினியச் சட்டம் சிறிது. நடுவில் கொஞ்சம் சிமெண்டைத் தடவிவிட்டுப் போய்விட்டார்கள். அது காய்ந்து, வெடித்து, உதிர்ந்துவிட்டது. தென்மேற்கிலிருந்து காற்று அடித்தால் சந்து விசில் அடிக்கும். விசிலுக்குப் பின்னாலேயே தண்ணீர் வரும். வெயில் காலத்தில் வேறு தொல்லை. ஏசி போட்டால் குளிர் அறையில் நிற்காது.

"தாதி, டண்டா பூரா பாஹர் போகுது" என்று, குளிரெல்லாம் வெளியே போகிறதென்று, என் பேத்தி தீபிகா புலம்புவாள். தாதி வேண்டாம், அப்பாயி என்று கூப்பிடு என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது. இந்த ஊரில் பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்தால் இந்திதான். வீட்டுக்குள் வரும்போது செருப்பைக் கழற்றுவார்கள், பேச்சைக் கழற்ற மறந்துவிடுவார்கள்.

"மழை முடியட்டும்மா, பாத்துக்கலாம்" என்றான் சேகர். நானும் சரி என்றிருப்பேன். ஆனால் அந்த வாரம்தான் என் தங்கச்சி பாக்கியம் இலங்கையிலிருந்து போன் செய்தாள்.

"அக்கா, பாஸ்போட்டு வந்திருச்சு. நான் வர்றேன்."

2

பாக்கியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் நாங்கள் இரண்டு பெண்கள். எனக்குக் கல்யாணம் ஆன கொஞ்ச காலத்தில், யார் யார் எந்த நாடு என்று இரண்டு அரசாங்கமும் பேசிப் பிரித்தார்கள். மாமனார் வீட்டுக்கு இந்தியா என்று வந்தது. அப்பா வீட்டுக்கு இலங்கை என்று வந்தது. நான் மாமனார் வீட்டோடு ரயிலேறினேன். அந்த ரயிலை எங்கள் சனங்கள் அழுகைக் கோச்சி என்பார்கள். பாக்கியம் அப்போது பாவாடை கட்டுகிற பெண். பிளாட்பாரத்தில் ரயிலோடு கூடவே ஓடி வந்தாள். பிளாட்பாரம் முடிந்த இடத்தில் நின்றாள்.

பிறகு மண்டபம் முகாம், மெட்ராஸ், கப்பல், நிக்கோபாரில் கட்சால் தீவு. அங்கே அரசாங்கத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டினோம். கட்சாலில் ஜன்னலை அடைப்பது என்ற பேச்சே கிடையாது. காற்று வந்தால்தான் கொசு போகும். அந்த வீட்டையும் என் வீட்டுக்காரரையும் சுனாமி கொண்டுபோனது. அதைச் சொல்ல உட்கார்ந்தால் செல்விக்குக் கை வலிக்கும், எனக்கு வேறு எங்கேயோ வலிக்கும். விடுங்கள்.

மலையில் அப்படி இல்லை. அங்கே குளிர்தான் எதிரி. தோட்டத்து வரிசை வீடுகளை லயம் என்போம். அதில் எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு அறை, அதைக் காம்பரா என்போம். பனிக்காலம் தொடங்குவதற்கு முன்னால் வீட்டுக்கு வீடு பெண்கள் சந்து அடைப்பார்கள். கிழிந்த சாக்கைத் திரித்து, மாட்டுச் சாணமும் செம்மண்ணும் குழைத்து, விரல் போகிற ஓட்டையெல்லாம் அடைக்க வேண்டும். அம்மா பெரிய சந்துகளை அடைப்பாள். சின்ன ஓட்டைகள் எங்கள் பங்கு. பாக்கியம் நாக்கை நனைத்து ஓட்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பாள். நாக்குச் சில்லென்றால், "இங்க ஒண்ணுக்கா!" என்று கத்துவாள். அம்மாவுக்கு மூச்சு இழுப்பு நோய். எவ்வளவு அடைத்தாலும் குளிர் எப்படியோ அம்மாவின் நெஞ்சைக் கண்டுபிடித்துவிடும். அதே இழுப்பு பின்னால் பாக்கியத்துக்கும் வந்துவிட்டது.

அவள் வருகிறாள் என்றதும் எனக்குள் ஒரு ஆசை முளைத்தது. யாரிடமும் சொல்லவில்லை. வருகிறவள் திரும்பிப் போகக் கூடாது. அவள் புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம். மிச்ச நாளை என் கூட இந்த அறையில் கழிக்கட்டும். பேப்பர் விஷயம் எனக்கு என்ன தெரியும்? ஒரு காலத்தில் எங்களையே கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். இவள் ஒருத்திக்கா இடமில்லை? ஆனால் அறையில் ஈரம் இருந்தால் அவள் நெஞ்சு தாங்காது. ஒரு வாரத்தில் ஓடிவிடுவாள்.

"சேகர், நாளைக்கே ஆளைக் கூட்டிட்டு வா" என்றேன்.

3

ஜங்லிகாட்டில் அலுமினிய ஜன்னல் பட்டறை வைத்திருக்கிற ராவ் வந்தார். ஆந்திராக்காரர். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குத் தெலுங்கு தெரியாது. இந்தியில் ரெண்டு பேரும் தப்புத் தப்பாகப் பேசிக்கொண்டோம். இந்தத் தீவில் அதுதான் சௌகரியம். யாருக்கும் சொந்தமில்லாத பாஷை என்பதால் யாருக்கும் வெட்கமில்லை.

வந்ததும் என்னிடம் ஊதுபத்தி கேட்டார். பக்திமான் போலிருக்கிறது என்று சாமி படத்துக்கு முன்னாலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைக் கொளுத்தி, மூடிய ஜன்னலைச் சுற்றி மெல்ல நகர்த்தினார். புகை நேராகப் போகிற இடத்தில் பேசாமல் நகர்ந்தார். புகை வளைந்து ஆடுகிற இடத்தில் பென்சிலால் கோடு போட்டார்.

"கியா மாஜி, ஹஸ் ரஹே ஹோ?" என்றார், என்ன அம்மா சிரிக்கிறீர்கள் என்று.

"ஜன்னலுக்கு தீபாராதனை காட்டுறாரு, செல்வி. ஒரு தேங்கா எடுத்துட்டு வா" என்றேன். செல்வி இந்தியில் சொன்னாள். ராவும் சிரித்தார்.

பிறகு உதிர்ந்த சிமெண்டையெல்லாம் சுரண்டித் துடைத்தார். சந்துக்குள் தண்ணீர் தெளித்தார். நனைக்கக் கூடாது என்றுதானே கூப்பிட்டோம், இவர் என்ன நனைக்கிறார் என்று பார்த்தேன். ஈரம் பட்டால்தான் பிடிக்குமாம். ஒரு டின்னில் துப்பாக்கி மாதிரி ஒன்றை மாட்டி நுரையை அடித்தார். கொஞ்சமாகத்தான் அடித்தார். அது சட்டியில் ஊற்றிய ஆப்பமாவு மாதிரி தானாகவே உப்பி, சந்து முழுக்க நிறைந்து, வெளியே பிதுங்கியது. நான் விரலை நீட்டினேன்.

"சூனா மத்!" என்று கத்தினார். தொடாதே என்று சொல்வதற்குள் தொட்டுவிட்டேன். ஒரு வாரம் விரலிலிருந்து அது போகவில்லை. காய்ந்த பிறகு பிதுங்கியதைக் கத்தியால் சீவினார். வெளிப்பக்கம் பசை இழுத்து, சோப்புத் தண்ணீரில் விரலை நனைத்து வழித்துவிட்டார்.

ஜன்னலைச் சாத்தினேன். வெளியே மரம் ஆடியது. உள்ளே சத்தமே இல்லை. பக்கத்து ஊரில் நடக்கிற கல்யாணத்தைப் பார்ப்பது மாதிரி காற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

4

பாக்கியத்தின் விசா பேப்பரில் டூரிஸ்ட் என்று இருந்தது. அக்காளைப் பார்க்க என்று எழுதலாம்தான், அதற்கு நான் அக்காள் என்று காட்ட வேண்டுமாம். என் பேருக்குப் பின்னால் வீட்டுக்காரர் பேர், அவள் பேருக்குப் பின்னால் அவள் வீட்டுக்காரர் பேர். நாங்கள் ஒரு வயிற்றில் பிறந்ததற்கு எங்கள் மூக்கு ஒன்றுதான் சாட்சி. ஹட்டனில் விசா ஃபாரம் நிரப்பியவர், "டூரிஸ்ட்டுன்னே போடுங்க, லேசா முடிஞ்சிரும்" என்றாராம். விமான நிலையத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒரு மேஜை. என் கூடப் பிறந்தவள் வெள்ளைக்காரர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றாள். எங்கெங்கே சுற்றிப் பார்க்கப் போகிறீர்கள் என்று அங்கே இருந்தவர் கேட்டாராம்.

"எங்கக்கா வீட்டைத்தாங்க. வேற என்னா இருக்கு இங்க?" என்றாளாம் இவள்.

வெளியே வந்தாள். நரைத்த தலை, ஒடுங்கிய தோள், ஸ்வெட்டர். ஒரு நிமிஷம் அம்மா வருகிறாள் என்றே நினைத்துவிட்டேன். கட்டிப் பிடித்து அழுவேன் என்று நினைத்திருந்தேன்.

"என்னாக்கா, இப்புடிக் கருத்துட்ட?" என்றாள்.

"நீ மட்டும் என்னாடி, தேயிலைக் குச்சி மாதிரி" என்றேன். அழுகை பிறகுதான் வந்தது, ஆட்டோவில்.

தீபிகா கதவைத் திறந்து, "நமஸ்தே சோட்டி தாதி" என்றாள், சின்ன அப்பாயி என்று அர்த்தம்.

பாக்கியம் என்னைப் பார்த்தாள். "தாதியா? எங்கூர்ல தாதின்னா ஆஸ்பத்திரி நர்சு. உன் பேத்தி எனக்கு வந்தவொடனே உத்தியோகம் குடுக்குறா."

அன்றைக்கு இரவு நல்ல மழை. நான் அவள் பக்கத்தில் படுத்தேன். விடிந்து எழுந்தவள் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு ஜன்னலையே பார்த்தாள்.

"அக்கா, நான் படுத்துக்கிட்டா தூங்குனேன்?"

"ஆமாடி. வேற எப்படித் தூங்குவாக?"

"அங்க நான் படுக்க மாட்டேன்க்கா. செவுத்துல சாஞ்சு உக்காந்துதான் தூங்குவேன். படுத்தா நெஞ்சு அடைச்சிரும். அம்மாவும் அப்புடித்தான். உக்காந்தபடியேதான் போனுச்சு." ஜன்னல் ஓரத்தில் கையை வைத்துத் தடவினாள். "இப்புடி ஒரு ரூம்புல அம்மா ஒரு நாளு படுத்திருக்கலாம்."

அம்மா எப்படிச் செத்தாள் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. செத்துப்போனாள் என்று மட்டும்தான் கட்சாலுக்குச் சேதி வந்தது. அதுவும் கப்பல் தாமதம், மாசக்கணக்கில் ஆகிவிட்டது.

5

நாங்கள் செய்த கூத்தையும் சொல்ல வேண்டும். சேகர் வேலைக்குப் போயிருந்தான். செல்வி கடைக்கு. பாக்கியம் ஜன்னலின் கீழ்ச்சட்டத்தை விரலால் துழாவிக்கொண்டிருந்தாள். திடீரென்று குனிந்து நாக்கை நீட்டினாள். எனக்குப் புரிந்துவிட்டது.

"இங்க ஒண்ணுக்கா!"

பார்த்தேன். கண்ணாடி ஓடுகிற தடத்தில், வெளிப்பக்கமாக, சின்னச் சின்னதாக ஓட்டைகள். காற்று ஊசி மாதிரி வந்தது.

"உங்க ராவு ஏமாத்திட்டான். மேல எல்லாம் அடைச்சுட்டு அடியில விட்டுட்டான் பாரு."

இரண்டு கிழவிகளும் வேலையில் இறங்கினோம். சாணத்துக்கு எங்கே போவது? கோதுமை மாவில் பசை காய்ச்சினாள். நான் சேகரின் பழைய பனியனைக் கிழித்துத் திரித்தேன். ஒரு ஓட்டை விடவில்லை. கை நிறையப் பசை, முகத்தில் பசை.

"தள்ளு, நீ எப்பவும் லூசா அடைப்ப. அம்மா திட்டும்."

"நான் அடைச்சது எதுடி லூசா இருந்துச்சு? உன் பக்கந்தான் எலி வந்துச்சு."

"எலி உன் மூஞ்சியப் பாக்க வந்துச்சு."

இவ்வளவு வருஷத்தில் நான் அப்படிச் சிரித்ததில்லை. முடித்துவிட்டு டீ போட்டுக் குடித்தோம். மதியம் மழை பிடித்தது. சமையல்கட்டில் இருந்தோம், கவனிக்கவில்லை. கண்ணாடியில் அடித்த மழையெல்லாம் வழிந்து அந்தத் தடத்தில் தேங்கி, போக வழியில்லாமல் தொட்டி மாதிரி நிறைந்து, உள்பக்கமாகத் திரும்பி மெத்தையில் கொட்டியிருக்கிறது. புது மெத்தை, பாக்கியத்துக்கென்று வாங்கியது.

ராவ் வந்து திரியை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். "மாஜி, யே தோ பானி ஜானே கா ராஸ்தா ஹை!"

"என்னா சொல்றாரு?" என்றாள் பாக்கியம்.

"அந்த ஓட்டைதான் தண்ணி வெளிய போற வழியாம்."

"தண்ணிக்கு ஒரு வழியா?" பாக்கியம் வாயைப் பொத்திக்கொண்டாள். "எங்க காம்பராவுல தண்ணி வந்த வாசல்லயே திரும்பிப் போயிரும். அதுக்குன்னு யாரு வழி வச்சா?"

சேகர் திட்ட வாயெடுத்தான். நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கிற சிரிப்பைப் பார்த்து, மெத்தையைத் தூக்கிக்கொண்டு போனான்.

6

மெத்தை காய்கிற வரைக்கும் தரையில் பாய் போட்டோம். அங்கேதான் கேட்டேன்.

"பாக்கியம், போகாதடி. இங்கயே இரு. பேப்பரை நீட்டலாமான்னு சேகரைக் கேக்கச் சொல்றேன்."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். அவளுடைய மகள் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். பிள்ளைகள் ரெண்டையும் இவள்தான் வளர்க்கிறாள். இப்போது பக்கத்துக் காம்பராவில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். மூத்தவளுக்குப் பரீட்சை வருகிறது.

"அம்மா இப்ப வருவா, அப்ப வருவான்னு அதுக வாசலப் பாத்துக்கிட்டு கெடக்குதுக. நானும் வரலைன்னா என்னாக்கா நெனைக்கும்?"

"நான் ஒருத்தி காத்திருக்கலையா? அம்பது வருஷத்துக்கு மேல?" எனக்குக் கோபமே வந்துவிட்டது. "மழை முடியிற வரைக்குமாவது இரேன். இங்க படுத்துத் தூங்குறியே. அங்க போய் மறுபடி செவுத்துல சாயணுமா?"

"நீ ஏறிப் போனவ அக்கா" என்றாள் மெதுவாக. "உன்னைக் குத்தம் சொல்லல. நீ சின்னப் புள்ள, புருஷன் வீடு போச்சு, நீயும் போன. ஆனா ஏறிப் போறவளுக்கு முன்னால பாக்க எடம் இருக்கும். நின்னு பாத்துக்கிட்டு இருக்குறவளுக்கு ஒண்ணும் இருக்காது. எனக்குத் தெரியும் அது. அந்தப் புள்ளைகள அப்புடி நிக்க வைக்க மாட்டேன்."

அவளே மேலும் சொன்னாள். "கடல் வந்துச்சே, அப்ப ரேடியோவுல உங்க தீவு பேரு சொன்னான். நீ செத்துட்டன்னு எல்லாரும் காரியம் பண்ணச் சொன்னாங்க. நான் பண்ணல. உன் போனு வர்ற வரைக்கும் பண்ணல."



7

போகும்போது அவளுக்குப் புடவை எடுத்தேன், மாங்காய் ஊறுகாய் கட்டினேன். ராவிடம் சொல்லி நுரை டின் இரண்டு வாங்கினேன். காம்பராவின் ஜன்னலுக்கு. எப்படி அடிப்பது என்று ராவ் அவளுக்கு இந்தியிலேயே காட்டிக்கொடுத்தார். ஒரு வார்த்தை புரியாமலேயே அவள் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள்.

"கீழ ஓட்டைய விட்டுறணும்" என்று அவருக்கே திருப்பிச் சொன்னாள்.

விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றோம். உள்ளே அவள் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார்கள். அந்த மாதிரி டின் விமானத்தில் போகக் கூடாதாம், அழுத்தத்தில் வெடிக்குமாம். அவள் ஏதோ சொல்வது தெரிந்தது. நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். ஜன்னல் மாதிரி கையால் சதுரம் போட்டுக் காட்டினாள். காவலர் நல்ல மனுஷர்தான், பொறுமையாகக் கேட்டுவிட்டு, முடியாது என்று தலையை ஆட்டினார். டின் இரண்டையும் வெளியே கொண்டுவந்து சேகரிடம் கொடுத்தார். பாக்கியம் அங்கிருந்து என்னைப் பார்த்து, போனால் போகட்டும் என்று கையை விரித்தாள். பிறகு கூட்டம் அவளை மறைத்துவிட்டது.

அந்த அறை இப்போது தீபிகாவுக்கு. கதவைச் சாத்தி, ஏசி போட்டுப் படிக்கிறாள். குளிர் கொஞ்சமும் வெளியே போவதில்லை. அடுத்த வருஷம் மெயின்லேண்டில் காலேஜ் என்கிறாள். போகட்டும். நான் ஹாலில் படுத்துக்கொள்கிறேன்.

மார்கழி பிறந்ததிலிருந்து தினமும் சாயங்காலம் பாக்கியத்துக்குப் போன் போடுகிறேன். நேற்றும் போட்டேன்.

"குளிரு எப்படிடி?"

"இல்லக்கா, இந்த வருஷம் அவ்வளவா இல்ல."

"பொய் சொல்லாத."

"கொஞ்சம் இருக்கு." மூச்சு வாங்கினாள். "சாக்கு வச்சு அடைச்சிருக்கேன். சின்னவ நல்லா அடைக்கிறா."

"பரீட்சை முடிஞ்சதும் வந்துரு. புள்ளைகளையும் கூட்டிட்டு வா."

"வர்றேன்க்கா."

அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போனில் அவளுடைய இழுப்புச் சத்தம் மட்டும் வந்தது, ரம்பம் இழுப்பது மாதிரி, விட்டு விட்டு. அந்தச் சத்தத்தை நிறுத்தத்தான் நான் ஜன்னலை அடைத்தேன். நேற்று அது ஒரு நொடி நின்றபோது போனைக் காதோடு அழுத்தினேன். மறுபடி வந்தது.

"வச்சிரவாக்கா? காசு போகும்" என்றாள்.

"வைக்காத. பேச வேணாம். சும்மா இரு" என்றேன்.